மாமி ஏற மறுத்த வாகனம்

சந்திர கிரகணத்தைப் பற்றி இக்கிழமை எழுதுவதாக வாக்களித்திருந்தோம். அதனை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தமைக்கு வாசகர்கள் எம்மைப் பொறுத்தருள்வார்களாக. தடை வானத்திலிருந்து வரவில்லை, பரந்தனிலிருந்து வந்தது.

எமது மாமியார் எழுபது கடந்தவர்; முதுகிலே நெடுநாள் நோவு உடையவர். மாதமொருமுறை வைத்தியரைக் காண யாழ்ப்பாணம் வரும்போதெல்லாம் மகனே தன் பிக்கப் வாகனத்தில் ஏற்றி வருவது வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அவர் பஸ்ஸிலே தனியே வந்திறங்கினார். "மச்சான் கூட்டிக்கொண்டு வரேல்லையோ, மாமி?" என்று கேட்டோம். "வாகனத்துக்குக் கால் வளத்து விட்டிருக்கிறான். அந்தப் பேயிலை இனி நான் ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கால் வளர்ந்த கதையை அடுத்த ஞாயிறன்று பரந்தனுக்குச் சென்று நேரிற் கேட்டறிந்தோம்.

அவ்வாகனம் 1994ஆம் ஆண்டிலே உருவான ரொயோட்டா ஹைலக்ஸ். டீசல் எஞ்சின், நான்கு சில்லுகளுக்கும் இழுவை உண்டு, முன்னும் பின்னும் தகட்டு விற்கள், அஃதாவது கராச்சுகளில் ஸ்பிறிங் என்று வழங்கப்படுபவை. காலையிற் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், பின்னர் மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும், அறுவடைக் காலத்தில் நெல்மூடை சுமப்பதும் அதன் நித்திய கருமங்கள். முப்பது வயது கடந்த வாகனத்தை விற்றுப் புதியதொன்று வாங்கினாலென்ன என்று கேட்பவர், நம் நாட்டிலே மோட்டார் வாகனத்தின் விலையை விசாரித்தறியாதவராயிருத்தல் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் குடும்ப வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திறந்த வாசலிலே தீர்வை காவல் நிற்கிறது. ஆகவே உள்ளதைப் பேணிக்கொள்வோரை நாம் குறைகூற மாட்டோம்.

மழைகாலத்தில் வயற்பாதையிற் செல்கையில் வாகனத்தின் பின்புறம் வரம்பிலே உரசத் தொடங்கியது. பின் விற்கள் தொய்ந்துவிட்டன என்று மைத்துனர் கருதினார். அது சரியான கருத்தே. பிழை அதற்குப் பின்னர் நேர்ந்தது. அவர் ஒரு கராச்சுக்குச் சென்று, "கொஞ்சம் உயர்த்தித் தாருங்கோ" என்றார். என்ன பாரம் ஏற்றுவீர்கள், எத்தனை நாள் வெறுமையாக ஓடும், யார் யார் ஏறுவர் என்று அங்கே எவரும் அவரைக் கேட்கவில்லை. கழித்துப்போட்ட லொறி வில்லிலிருந்து தடித்த தகடுகளை எடுத்துப் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டினர். வில்லின் பின்நுனியை வாகனத்தின் அடிச்சட்டத்தோடு தொங்கவைக்கும் ஷக்கிள் என்னும் துண்டையும் நீட்டிவிட்டனர். பின்பக்கம் மூன்று அங்குலம் உயர்ந்தது. பார்வைக்குக் கம்பீரமாயிருந்தது என்பதை நாமும் மறுக்கோம்.

அக்கம்பீரத்தின் முதற் பலனை மாமியாரின் முதுகு அனுபவித்தது. இரண்டாவது பலனை மைத்துனர் தாழ்ந்த குரலிலே சொன்னார். மனைவியும் தாயும் அடுக்களையில் இருந்தனர்.

"அத்தான், மழைக்குள்ளை சந்தியிலை பஸ் ஒண்டுக்குப் பின்னாலை பிறேக் அடிச்சன். முன் சில்லு ரண்டும் இறுகி, வாகனம் வழுக்கிக்கொண்டே போகுது. ஒரு முழம் இருக்கேக்கைதான் நிண்டது. பின்னுக்குப் பத்து மூடை நெல்லு. பக்கத்திலை சின்னவன் இருக்கிறான்."

பிறேக் தேய்ந்துவிட்டதென்று எண்ணி உள்ளே போடும் லைனிங் யாவையும் மாற்றியிருக்கிறார். பயனில்லை. வாகனத்தை உயர்த்தியதற்கும் அது நிற்க மறுத்ததற்கும் தொடர்பிருக்குமென்று அவருக்கும் தோன்றவில்லை. மாற்றிக் கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

வில்லின் இயல்பை முதலிற் சிறிது கூறுவோம். உயர்தர வகுப்பு மாணவர் யாவரும் ஊக்கின் விதியைக் கற்றிருப்பர். ஆங்கில விஞ்ஞானியாகிய றொபேட் ஊக் அதனை 1676இல் எழுத்துக்களைக் குலைத்தடுக்கிய ஒரு புதிராக வெளியிட்டு, 1678இல் விடுவித்தார். தம் கண்டுபிடிப்பை இன்னொருவர் உரிமைகொள்ளலாகாதென்னும் அச்சமே காரணம். வில்லின் மேல் ஏற்றும் விசைக்கு விகிதசமமாக அது வளையும் என்பதே விதி. நூறு கிலோ ஏற்ற ஒரு வில் 30 மில்லிமீற்றர் தாழுமாயின், இருநூறு கிலோ ஏற்ற 60 மில்லிமீற்றர் தாழும். ஒரு மில்லிமீற்றர் தாழ்வதற்கு வேண்டிய சுமையே அவ்வில்லின் விறைப்பு. வகுப்பிலே வில் மாறிலி என்று நாம் எழுதுவதும் இதனையே.

மாட்டுவண்டியின் அச்சுக்கும் கூட்டுக்குமிடையே வளைந்த உருக்குத் தகடுகளை அடுக்கிவைத்து அதனை வில்லுவண்டி என்று அழைத்தனர் நம் முன்னோர். பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. மைத்துனரின் வாகனத்தில் இருப்பதும் அதே வில்தான், மாடுதான் மாறியிருக்கிறது.

அத்தகைய வில்லுக்கு இரு குணங்கள் உண்டு. ஒன்று விறைப்பு, மற்றது வளைவு. விறைப்பைத் தீர்மானிப்பவை தகடுகளின் நீளம், அகலம், தடிப்பு, எண்ணிக்கை என்பன. வளைவு என்பது சுமையின்றி இருக்கும்போது வில் எவ்வளவு கூனியிருக்கிறது என்பது. வாகனத்தின் உயரம் இரண்டினாலும் மாறும்; ஆயினும் அதில் அமர்ந்திருப்பவரின் முதுகு விறைப்பை மாத்திரமே அறியும். நெடுங்காலம் உழைத்துத் தொய்ந்த வில் மென்மையாகிவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. தொய்ந்த வில் தன் வளைவை இழந்திருக்கிறது. விறைப்பைப் பெரும்பாலும் இழப்பதில்லை. ஆகவே மைத்துனரின் வாகனத்துக்கு வேண்டியிருந்தது வளைவு. அதற்குக் கொடுக்கப்பட்டதோ விறைப்பு.

எவ்வளவு விறைப்பு? இங்கேதான் கணக்கு அச்சமூட்டுகிறது. தகட்டின் எண்ணிக்கை கூடினால் விறைப்பு அதே விகிதத்திற் கூடும். தடிப்புக் கூடினாலோ அதன் கனத்தின்படி, அஃதாவது மும்முறை பெருக்கியபடி கூடும். வாகனத்தின் சொந்தத் தகடுகள் பக்கத்துக்கு ஐந்து, ஒவ்வொன்றும் 7 மில்லிமீற்றர் தடிப்பு. சேர்த்த லொறித் தகடுகள் 10 மில்லிமீற்றர். பத்தைக் கனமாக்கினால் 1000. ஏழைக் கனமாக்கினால் 343. எனவே ஒரு லொறித் தகடு ஏறக்குறைய மூன்று சொந்தத் தகடுகளுக்குச் சமம். இரண்டைச் சேர்த்தவர், "இரண்டு தகடுதானே" என்று எண்ணியிருப்பார். உண்மையில் ஆறு தகடு சேர்த்திருக்கிறார்.

கணக்கை நம்பாத மைத்துனருக்காக அளந்தும் பார்த்தோம். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. சமதரை, அளவுநாடா, ஐம்பது கிலோ உர மூட்டைகள் நான்கு, அவற்றைத் தூக்க ஒருவர், இவை போதும். சில்லின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே மட்காட்டின் விளிம்புவரை அளந்தோம். பின்னச்சுக்கு நேர்மேலாக மூட்டைகளை அடுக்கி மீண்டும் அளந்தோம். இருநூறு கிலோவுக்கு வாகனம் 14 மில்லிமீற்றரே தாழ்ந்தது. பின்னர் லொறித் தகடுகளைக் கழற்றிச் சொந்தத் தகடுகளை மாத்திரம் பூட்டி அளந்தபோது 30 மில்லிமீற்றர் தாழ்ந்தது. விறைப்பு இரட்டிக்கும் மேல் ஏறியிருந்தது. (அளக்குமுன் வாகனத்தை முன்னும் பின்னும் சிறிது உருட்டி, மேலிருந்து அமுக்கிக் குலுக்கிவிடுதல் வேண்டும். இல்லையேல் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து இடைநடுவில் நின்று பொய்யளவு காட்டும்.)

இனி மாமியாரின் முறைப்பாட்டுக்கு வருவோம். சுமை தாங்கிய வில்லை ஒருமுறை அமுக்கிவிட்டால் அது மேலும் கீழும் அலையும். செக்கனுக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதே அதன் மீடிறன். இதனைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. நின்ற நிலையிற் சுமையினால் வில் எத்தனை சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கிறதோ அவ்வெண்ணின் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுக்க வேண்டும், அவ்வளவே. மாணவர் இதனைத் தாமே நிறுவிப் பார்க்கலாம்.

வெறும் வாகனத்திலே பின் விற்களின் மேலுள்ள பாரம் 500 கிலோ என்று கொண்டோம். சொந்த விற்கள் அதற்கு ஏழரைச் சென்ரிமீற்றர் தாழும், மீடிறன் 1.8. லொறித் தகடு சேர்த்தபின் மூன்றரைச் சென்ரிமீற்றரே தாழும்; மீடிறன் 2.7. நாம் இயல்பாக நடக்கும்போது உடல் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. அதனை உடம்பு பொறுத்துக்கொள்ளும். கார்களை ஆக்குவோர் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் வைக்க முயல்வர். அதற்கு மேலே போகப்போகப் பள்ளத்தின் ஒவ்வோர் அடியும் இருக்கைக்கு நேரே வந்துசேரும். எழுபது வயதான முதுகென்பு எந்த மானியையும்விட நுட்பமானது என்பதை நாம் அன்று கண்டுகொண்டோம்.

பத்து மூடை நெல், ஏறக்குறைய 650 கிலோ, ஏற்றிய நிலையைக் கணித்தால் இன்னொன்று புலப்படும். சொந்த விற்களில் மீடிறன் 1.2 ஆக இறங்கும். லொறித் தகட்டோடு 1.8. அஃதாவது உயர்த்திய வாகனம் பத்து மூடை நெல் ஏற்றியபின்னரே, உயர்த்துமுன் வெறுமையாக ஓடியபோதிருந்த சுகத்தைத் தரும். மாமியாரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்போதெல்லாம் பத்து மூடை நெல்லையும் உடன்கொண்டு செல்ல இயலுமா?

உயர்த்தியதனாலே வயற்பாதையிற் பெற்ற நன்மை யாது என்றும் ஆராய்ந்தோம். இவ்வகை வாகனத்தில் இரு சில்லுகளையும் இணைக்கும் அச்சு ஒரே துண்டு. அதன் நடுவிலே டிபரன்சியல் என்னும் பருத்த பெட்டி தொங்குகிறது. வாகனத்தின் கீழே நிலத்துக்கு மிக அண்மையில் இருப்பது பெரும்பாலும் அதுவே. அச்சு சில்லோடு சேர்ந்தது. வில்லுக்குக் கீழே உள்ளது. ஆதலால் வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் அப்பெட்டி ஒரு மயிரிழையும் உயராது. அதனை உயர்த்தப் பெரிய ரயர் ஒன்றே வழி. ரயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலம் உயரும். வில் உயர்த்துவது கூட்டையும் அதனோடு தொங்குபவற்றையும் மாத்திரமே. "உரசியது எது?" என்று கேட்டுக் கீழே படுத்துப் பார்த்தோம். பின்னாலே தட்டின் கீழ் தொங்கும் மேலதிகச் சில்லும் புகைக்குழாயின் நுனியும் தேய்ந்திருந்தன. நல்வாய்ப்பாக இவை வில்லுயரத்தால் தப்பக்கூடியவை. டிபரன்சியல் பெட்டியிலே கீறல் கண்டிருந்தால், வில்லிலே செலவழித்த பணம் யாவும் வீணென்று சொல்லியிருப்போம்.

அவ்வாறு படுத்திருந்தபோதே பிறேக்கின் மர்மமும் வெளிப்பட்டது. பின்னச்சிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய கோல் சென்று, அடிச்சட்டத்திலே பூட்டிய சிறு வால்வு ஒன்றைத் தொடுகிறது. சுமை வாகனங்களிலே பின் சில்லுகளின் மேலுள்ள பாரம் நாளுக்கு நாள் வேறுபடும். வெறுமையாக இருக்கும்போது பின் பிறேக் கடுமையாகப் பிடித்தால் பின் சில்லுகள் இறுகி வாகனம் சுழன்றுவிடும். பாரத்தோடு இருக்கும்போது அது கடுமையாகப் பிடித்தே ஆகவேண்டும். பாரத்தை வால்வு எங்ஙனம் அறியும்? கூடு அச்சை நோக்கித் தாழ்ந்தால் பாரம் உண்டென்றும், உயர்ந்தால் இல்லையென்றும் அக்கோலின் மூலம் அறிந்து, பின் பிறேக்குக்குச் செல்லும் எண்ணெயின் அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது.

கூட்டை 75 மில்லிமீற்றர் உயர்த்தி, கோலை இருந்தபடியே விட்டுவிட்டனர். பத்து மூடை ஏற்றியபோது விறைத்த விற்கள் 45 மில்லிமீற்றரே தாழ்ந்திருக்கும். மிகுதி 30. அஃதாவது 650 கிலோ பாரத்தோடு சந்தியை அடைந்த வாகனம், உயர்த்துமுன் வெறுமையாக நின்ற நிலையிலும் உயரமாகவே நின்றது. வால்வு தான் கற்றபடி நடந்தது. பாரமே இல்லையென்று கொண்டு பின் பிறேக்கை அடக்கிவைத்தது. நிறுத்தும் வேலை முழுவதும் முன் சில்லுகளின் தலையில் விழுந்தது. ஈரத்தெருவிலே அவை இறுகி வழுக்கின. இதனைச் சொல்லிமுடித்தபோது மைத்துனர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் எழுந்துபோய் விளையாடிக்கொண்டிருந்த சின்னவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

உயர்த்துவதினால் இழுபடும் வேறு உறுப்புகளும் உள. அச்சுக்கும் கூட்டுக்குமிடையே செல்லும் பிறேக்கின் றப்பர்க்குழாய் நீளம் போதாது விறைத்து நிற்கும். சில்லு பள்ளத்தில் இறங்கும்போது அது அறுந்தால் என்ன நேருமென்று எழுத வேண்டியதில்லை. சொக் அப்சோபர் சுமை தாங்கும் உறுப்பன்று. அலைவை அடக்குவதே அதன் கடன். குட்டையான பழையதையே விட்டுவிட்டால், வில் விரியும்போது அதுவே கயிறுபோல இழுபட்டு முறியும். எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் இரு நுனிகளிலுமுள்ள மூட்டுகள் ஒரே அளவு சாய்ந்திருத்தல் வேண்டும். பின் ஷக்கிளை நீட்டினால் அச்சு திரும்பி அவ்வொப்புமை குலையும், தண்டு அதிரும். அன்றியும் ஷக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வாகனம் ஓர் அங்குலமே உயரும்; கொடுத்ததிற் பாதியே கிடைக்கும் வியாபாரம் அது. வாகனத்தின் பாரமையம் மேலே செல்வதால் வளைவுகளிற் கவிழும் அபாயம் கூடுவதையும் மறத்தலாகாது.

ஆகவே எத்தகைய வில்லைத் தெரிவது? வாங்கச் செல்லுமுன் மைத்துனரைப் பதினான்கு நாள் ஒரு கொப்பியிலே கணக்கு எழுதச் சொன்னோம். ஒன்பது நாள் பிள்ளைகளும் சில கருவிகளும் மாத்திரம். நான்கு நாள் ஏறக்குறைய 300 கிலோ மரக்கறி. ஒரே ஒரு நாள் பத்து மூடை நெல். கேட்டபோதெல்லாம், "எப்பவும் பாரம்தான் அத்தான்" என்று சொன்னவர் இவர். எங்கள் நினைவிலே பாரமான நாளே தங்குகிறது. வெறுமையான நாள் தங்குவதில்லை. கராச்சிலே சென்று வாய்க்கு வந்தபடி பாரம் சொல்பவர் பெரும்பாலும் கூட்டியே சொல்லுவர்; கூட்டிச் சொன்ன ஒவ்வொரு கிலோவையும் வெறுமையான நாளிலே முதுகினாற் செலுத்த நேரிடும்.

இது தெரிந்த ஆக்குநரும் உள்ளனர். அவுஸ்திரேலியாவில் ஓல்ட் மான் ஈமு என்னும் பெயரோடு வரும் விற்களை ஓர் உதாரணமாகச் சொல்லலாம். ஒரே வாகனத்துக்கு அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வில்வகை உண்டு; வாகனம் நிரந்தரமாகச் சுமக்கும் பாரம் எவ்வளவு என்று கேட்டே இன்னதென்று குறிப்பர். விற்பவர் உயரத்தை மாத்திரம் சொல்லிப் பாரத்தைக் கேட்காவிடின், வாங்குபவரே கேட்க வேண்டும்: இவ்வில் ஒரு மில்லிமீற்றர் தாழ எத்தனை கிலோ வேண்டும்? விடை தெரியாதவரிடம் வாங்காதிருத்தல் நன்று.

பழைய தகடுகளுக்கே மீண்டும் வளைவு ஏற்றித் தருவதாகவும் ஒருவர் சொன்னாராம். வில்லுருக்கு, சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தியதனாலே வில்லாயிற்று. உலையிலே வெறுமனே காய்ச்சி வளைத்தால் வளைவு வரும், பதம் போய்விடும். சில மாதங்களிற் பழையபடி தொய்யும், அல்லது முறியும். பதமிடும் வசதியுள்ள இடமாயின் வேறு பேச்சு. மைத்துனரிடம் சொன்ன இடத்திலே துருத்தியும் சுத்தியலும் மாத்திரம் இருந்தன.

முடிவிலே தெரிந்தது புதிய தொகுதி. பக்கத்துக்கு ஆறு தகடு, அதே 7 மில்லிமீற்றர் தடிப்பு, முன்னையதிலும் சிறிது கூடிய வளைவு. ஐந்து ஆறானதால் விறைப்பு ஐந்திலொரு பங்கே கூடியது. வெறும் வாகனத்திலே மீடிறன் 2. மரக்கறி ஏற்றிய நாளிலே 1.6. வெறுமையான நாளைக்கு இது பழைய வில்லினும் சற்றே கடினமென்பதை மறைக்கமாட்டோம். சந்தைக்கும் வைத்தியரிடத்துக்கும் ஒரே வாகனம் செல்லவேண்டியிருப்பின் ஒருவர்க்கொருவர் சிறிது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். அடியிலே தடித்த தட்டையான தகடொன்று தனித்து நிற்கிறது. மற்றத் தகடுகள் பெரும்பாரத்தாற் கீழிறங்கி அதனைத் தொடும்வரை அது வேலை செய்யாது. நெல் ஏற்றும் நாளிலேதான் தோள்கொடுக்கும். அந்த ஒருநாட் பாரத்துக்காக மற்றப் பதின்மூன்று நாளும் விறைத்திருக்க வேண்டிய தேவை இதனால் இல்லாதொழிந்தது.

பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. இதில் ஓர் அங்குலம் தொய்வினால் இழந்திருந்ததை மீட்டது. உண்மையான உயர்த்தல் ஓர் அங்குலமே. மேலதிகச் சில்லு வரம்பைத் தொடவில்லை. முன் விற்களையும் அவ்வளவுக்கே மாற்றினோம். எஞ்சினின் பாரம் நாளுக்கு நாள் மாறாததால் அங்கே தெரிவு எளிது. புதிய சொக் அப்சோபர்கள், நீளம் கூடிய றப்பர்க்குழாய், பழைய அளவான ஷக்கிள் என்பன பூட்டப்பட்டன. வால்வின் கோலைப் பிடிக்கும் கொழுவியை உயர்ந்த அளவுக்கு ஈடாக மாற்றியமைத்து, அமுக்கமானி வைத்து ஒழுங்குசெய்வித்தோம். இவ்வேலையை மாத்திரம் வீட்டு முற்றத்திலே செய்ய முயலவேண்டாம் என்று இளைஞர்களை வேண்டிக்கொள்கிறோம். பெரிய அளவில் உயர்த்த எண்ணுவோர், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி செய்த இடத்திலும் முதலில் விசாரித்துக்கொள்வது பின்னர் வரும் வழக்கைத் தவிர்க்கும்.

பூட்டுவதிலும் சில உண்டு. அச்சையும் வில்லையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ற்றுகள் ஒருமுறை இறுக்கியபோதே இழுபட்டு நீண்டவை. புதிய வில்லுக்குப் புதியனவே வேண்டும். வில்லின் கண்களிலுள்ள புஷ்களின் ஆணிகளை, வாகனம் தன் சில்லிலே நின்று முழுப்பாரமும் இறங்கியபின்னரே முற்றாக இறுக்கவேண்டும்; தூக்கிவைத்தபடி இறுக்கினால் புஷ் முறுக்குண்டு விரைவிற் கிழியும். 500 கிலோமீற்றர் ஓடியபின் யாவற்றையும் மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். தகடுகள் அதற்குள் ஒன்றோடொன்று படிந்து இடைவெளி விட்டிருக்கும்.

சென்ற வியாழக்கிழமை மாமியார் வந்தார். வாசலிலே பிக்கப் வந்து நிற்கும் ஓசை கேட்டு நாம் வெளியே வந்தபோது, முன்னிருக்கையிலிருந்து தாமே கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தார். வில்லைப் பற்றி யாதும் சொல்லவில்லை. "பாட்டுச் சத்தந்தான் கூட" என்று மகனைக் குறைகூறிக்கொண்டே உள்ளே சென்றார். மைத்துனர் எம்மைப் பார்த்துச் சிரித்தார்.

வாகனம் 500 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டதாம். இன்று பிற்பகல் யூ போல்ற்றுகளை இறுக்குவதற்காக அவர் வருகிறார், சாவியோடு காத்திருக்கிறோம். கிரகணம் அடுத்த கிழமை.